வெளிநாட்டில் தேய்க்க எந்த கார்டு நல்லது? கப்பல் வேலை, சிங்கப்பூர் வேலை, உம்ரா போறவங்க கவனத்துக்கு

திருவொற்றியூர்:

வடசென்னையில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். ராயபுரம், காசிமேடு பக்கம் கப்பல் வேலைக்கு போகிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர், ஃபிட்டர்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறக்கிறார்கள். மண்ணடி, ராயபுரத்தில் இருந்து உம்ரா கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம்.

விசா, டிக்கெட், மருத்துவ பரிசோதனை எல்லாம் பார்த்து பார்த்து செய்கிறவர்கள் கோட்டை விடும் விஷயம் ஒன்று உண்டு. அதுதான் காசை எப்படி கொண்டு போவது என்பது. "பேங்க் கார்டு இருக்கே, அங்க போய் தேய்ச்சுக்கலாம்" என்று கிளம்பி விடுகிறார்கள். அங்கே போய் இறங்கியதும் கார்டு வேலை செய்வது இல்லை. வேலை செய்தால், மாதக் கடைசியில் கணக்கை பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எந்த கார்டு நல்ல கார்டு? இதற்கு ஒரே பதில் கிடையாது. போகிறவர் யார், அவர் சம்பளம் எந்த கரன்சியில் வருகிறது, எத்தனை நாடு சுற்றுகிறார் என்பதை பொறுத்து பதில் மாறும். ஆனால் கணக்கு போடும் முறை ஒன்றுதான். உங்கள் பணம் எத்தனை தடவை மாற்றப்படுகிறதோ, அத்தனை தடவை அதில் இருந்து கொஞ்சம் உதிர்கிறது. குறைந்த தடவை மாறும் வழியே நல்ல வழி.

முதலில் சுவிட்சை போடுங்க

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது அந்த ஆண்டு அக்டோபர் 1ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதிதாக கொடுக்கப்படும் டெபிட், கிரெடிட் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகம் வேண்டும் என்றால் வாடிக்கையாளரே கேட்டு வாங்க வேண்டும். பழைய கார்டாக இருந்தாலும், வெளிநாட்டில் ஒரு தடவைகூட உபயோகிக்காமல் இருந்திருந்தால் அந்த வசதி நிறுத்தப்பட்டு இருக்கும்.

வங்கியின் மொபைல் ஆப்பில் 'சர்வதேச உபயோகம்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். விமானம் ஏறும் முன் அதை ஆன் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பையும் அங்கேயே நிர்ணயிக்கலாம். கடை மெஷின், ஏ.டி.எம். இரண்டை மட்டும் ஆன் செய்துவிட்டு, ஆன்லைன் உபயோகத்தை ஆஃப் செய்து வைப்பது பாதுகாப்பு. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே உள்ள செல்போன் நம்பர் அங்கேயும் உயிரோடு இருக்க வேண்டும். ஓ.டி.பி.யும், பணம் எடுத்த எஸ்.எம்.எஸ்.சும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

காசு எங்கே உதிர்கிறது?

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டு செலவுக்கு 'மார்க்-அப்' என்று ஒரு கட்டணம் உண்டு. பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம். அந்த கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

ஒரு கணக்கு பாருங்க. சிங்கப்பூரில் 50 ஆயிரம் ரூபாய் மதிப்புக்கு செலவு செய்கிறார் ஒருவர். கார்டின் மார்க்-அப் 3.5 சதவீதம் என்றால் 1,750 ரூபாய். ஜி.எஸ்.டி. 315 ரூபாய். ஆக மொத்தம் 2,065 ரூபாய் சும்மா போனது. மார்க்-அப் 2 சதவீதம் உள்ள கார்டில் இதுவே 1,180 ரூபாய். மார்க்-அப்பே இல்லாத கார்டுகளையும் சில வங்கிகள் தருகின்றன. அதில் இந்த செலவு பூஜ்யம்.

ஏ.டி.எம். கட்டணம் தனி. ஒவ்வொரு தடவை பணம் எடுக்கும்போதும் இங்குள்ள வங்கி ஒரு தொகை பிடிக்கும். அந்த நாட்டு ஏ.டி.எம். தனியாக பிடித்தாலும் பிடிக்கும். ஒரு தடவைக்கு 150 ரூபாய் என்று வைத்துக் கொண்டால்கூட, கொஞ்சம் கொஞ்சமாக 10 தடவை எடுத்தால் 1,500 ரூபாய் காலி. எடுப்பதை மொத்தமாக எடுப்பது லாபம்.

கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் சொருகவே கூடாது. அது கடன் வாங்குவதற்கு சமம். கட்டணமும் உண்டு, எடுத்த நாளில் இருந்தே வட்டியும் ஓடும்.

ரூபாயா? டாலரா? மெஷின் கேட்கும் கேள்வி

வெளிநாட்டு கடையில் கார்டை நீட்டினால், "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் கரன்சியில் கட்டுகிறீர்களா?" என்று மெஷின் கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம்ம ஊரு காசு, கணக்கு தெரியும் என்று அதை அமுக்கி விடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம்.

ரூபாயை தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை முடிவு செய்வது அந்த கடையின் மெஷினை நடத்தும் நிறுவனம். அது தன் லாபத்தை சேர்த்துத்தான் விகிதம் போடும். இந்திய வங்கிகள் பல, வெளிநாட்டு கடை என்பதால் இதற்கு மேலும் மார்க்-அப் பிடிக்கின்றன. ஒரே செலவுக்கு இரண்டு வெட்டு! சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலர், துபாயில் திர்ஹாம், கொழும்பில் இலங்கை ரூபாய். எப்போதும் உள்ளூர் கரன்சியைத்தான் அமுக்க வேண்டும். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

கப்பல் தம்பிகளுக்கு

ராஜாஜி சாலை ஆங்கர் கேட் கட்டிடத்தில் உள்ள கடல் வணிகத் துறை அலுவலகத்துக்கு சான்றிதழ் விஷயமாக வந்து போகும் இளைஞர்களுக்கு கார்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். இன்று சிங்கப்பூர், அடுத்த வாரம் ஃபுஜைரா, அடுத்த மாதம் ஐரோப்பா என்று துறைமுகம் மாறிக்கொண்டே இருக்கும்.

இவர்களின் சம்பளம் பேசப்படுவது பெரும்பாலும் டாலரில். அது ஊருக்கு வந்து என்.ஆர்.இ. கணக்கில் ரூபாயாக விழுகிறது. பிறகு அதே கணக்கின் டெபிட் கார்டை வெளிநாட்டு துறைமுகத்தில் தேய்த்தால், ரூபாய் மறுபடி டாலராகிறது. சொந்த சம்பளத்துக்கே இரண்டு தடவை மாற்றுக் கூலி!

இதைவிட, கரைக்கு இறங்கும் முன் கப்பல் கேப்டனிடம் சம்பளத்தில் கழிக்கும்படி டாலர் முன்பணம் வாங்குவது லாபம். சில கம்பெனிகள் சம்பளத்தின் ஒரு பகுதியை டாலர் கார்டிலேயே ஏற்றித் தருகின்றன. அப்படி இருந்தால் அந்த கார்டுக்கு ஏ.டி.எம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்று பையில் இருந்தால் போதும். பல நாடு சுற்றுகிறவருக்கு, ஒரே கரன்சி ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டு அவ்வளவாக உதவாது.

இன்னொரு முக்கிய விஷயம். வீட்டுக்கு அனுப்பும் சம்பளத்துக்கு நியாயமான கட்டணம்தான் பிடிக்க வேண்டும், மாற்று விகிதம் மாலுமிக்கு பாதகமாக இருக்கக் கூடாது என்று 2006ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015ல் இதை ஏற்றுக்கொண்டது. சம்பள சீட்டில் விகிதத்தை பார்த்து கேள்வி கேட்க மாலுமிக்கு உரிமை உண்டு.

வேலைக்கு போற அண்ணன்களுக்கு

சிங்கப்பூர், வளைகுடா வேலைக்கு போகிறவர்களுக்கு கஷ்டம் முதல் மாதம்தான். சம்பளம் வரும் வரை சாப்பாடு, பஸ், சிம் கார்டு செலவு கைக்காசில்தான். இதற்கு கொஞ்சம் நோட்டும், ஒரு ஃபாரக்ஸ் கார்டும் சரியான ஜோடி.

ஃபாரக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே பணம் ஏற்றிய கார்டு. ஏற்றும் நாளில் என்ன விகிதமோ அதுதான் கடைசி வரை. ரூபாய் சரிந்தாலும் பயம் இல்லை. 50 ஆயிரம் ரூபாய்க்கு ஏற்றினால் கரன்சி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. 90 ரூபாய்தான். வங்கி தன் விகிதத்தில் வைக்கும் லாபம் தனி என்பதால், இரண்டு மூன்று இடத்தில் விகிதம் விசாரிக்க வேண்டும். கார்டு வாங்கும் கட்டணம், மீதி பணத்தை திரும்ப எடுக்கும் கட்டணம் இரண்டையும் கேட்க வேண்டும்.

அங்கே சம்பள கணக்கு தொடங்கியதும் ஊர் கார்டை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். சம்பாதிக்கும் கரன்சியிலேயே செலவு செய்தால் மாற்றுக் கூலியே கிடையாது. ஏஜென்ட், சூப்பர்வைசர் யார் கேட்டாலும் கார்டையும் பின் நம்பரையும் கொடுக்கக் கூடாது. "பத்திரமா வச்சுக்கிறேன் தம்பி" என்பது ஏமாற்றுக்காரர்களும் பேசும் பேச்சுதான்.

உம்ரா, ஹஜ் பயணிகளுக்கு

2023ம் ஆண்டுக்கு முன்பு ஹஜ் கமிட்டி மூலம் போனவர்களுக்கு 2,100 ரியால் கையில் தரப்பட்டது. 2023ல் அந்த கட்டாயம் கைவிடப்பட்டது. பயணிகளே தேவைக்கு ஏற்ப கரன்சி ஏற்பாடு செய்துகொள்ளும் முறை வந்தது.

இங்கே பலர் செய்யும் தவறு, டாலர் ஏற்றிய கார்டை எடுத்துப் போவது. "ரியாலும் டாலரும் 3.75 என்று கட்டி வைத்த விகிதம்தானே, நஷ்டம் என்ன?" என்று நினைக்கிறார்கள். விகிதம் மாறாதது உண்மைதான். ஆனால் ஒரு கரன்சி ஏற்றி இன்னொரு கரன்சியில் செலவு செய்தால், கார்டு கம்பெனி தனி கட்டணம் பிடிக்கும். ரியாலிலேயே ஏற்றக்கூடிய கார்டு கேட்டு வாங்க வேண்டும். வயதானவர்களுக்கு கார்டுடன் கொஞ்சம் ரியால் நோட்டும் வேண்டும். பின் நம்பரை கார்டின் பின்னால் எழுதி வைக்கும் பழக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் தடுக்க வேண்டும்.

ரூபே, யு.பி.ஐ. செல்லுமா?

இலங்கை, மொரீஷியஸ் நாடுகளில் 2024 பிப்ரவரி 12ந் தேதி யு.பி.ஐ. தொடங்கி வைக்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம், பூடான், பிரான்சிலும் ஏற்கும் கடைகள் உண்டு. ஆப்பில் சர்வதேச வசதியை ஆன் செய்த பிறகே வேலை செய்யும். இதிலும் மாற்றுக் கட்டணம் உண்டு. எல்லா கடையிலும் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகக் கூடாது.

ரூபே கார்டில் சர்வதேச வகை என்றால் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் அடையாளம் உள்ள வெளிநாட்டு மெஷின்களில் செல்லும். சாதாரண ரூபே கார்டு அங்கே செல்லாது.

எவ்வளவு கொண்டு போகலாம்?

ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக 3 ஆயிரம் டாலர் மதிப்பு வரை கொண்டு போக பெரும்பாலான நாடுகளுக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் கார்டில்தான். இந்திய ரூபாய் 25 ஆயிரம் வரை. ரொக்கமாக ரூபாய் கொடுத்து டாலர் வாங்குவதற்கு உச்சவரம்பு 50 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் என்றால் வங்கி மூலம் கட்ட வேண்டும்.

ரிசர்வ் வங்கி லைசென்ஸ் உள்ள மணி சேஞ்சரிடம் பில்லோடு வாங்க வேண்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையம் போய்விடலாம். ஆனால் டாலர் வாங்குவதை அங்கே போய் வைத்துக் கொள்ள வேண்டாம். விமான நிலைய கவுண்டரில் விகிதம் பொதுவாக மட்டமாகவே இருக்கும்.

செலவாகாமல் மீந்த டாலரை, ஊர் திரும்பிய 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். அதில் 2 ஆயிரம் டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம்.

"வரி பிடிப்பாங்களாமே" என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயை தாண்டி வெளிநாட்டு செலவுக்கு டாலர் வாங்குகிறவர்களுக்குத்தான் டி.சி.எஸ். வரி. இந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. டூர் பேக்கேஜுக்கு மட்டும் விதி வேறு. சாதாரண கைச்செலவுக்கு ஃபாரக்ஸ் கார்டு வாங்குகிறவர் பயப்பட வேண்டியது இல்லை.

கார்டு தொலைந்தால்?

முதல் வேலை, ஆப்பில் கார்டை பிளாக் செய்வது. இரண்டாவது வேலை, வங்கிக்கு தகவல் சொல்லி புகார் எண் வாங்குவது. வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறு இல்லாமல் வெளியார் திருடிய பணம் என்றால், 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்பது 2017ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. தாமதமானால் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டி வரும். பின் நம்பரை தானே சொல்லிவிட்டால், வங்கியில் புகார் கொடுக்கும் வரை போன பணம் வாடிக்கையாளர் தலையில்தான்.

அதனால் ஒரே கார்டை நம்பி போகக் கூடாது. இரண்டு கார்டு வேண்டும். ஒன்று பர்சில், இன்னொன்று பெட்டியில். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு இருந்தும் பயன் இல்லை.

வங்கியில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வெளிநாட்டு செலவுக்கு மார்க்-அப் எத்தனை சதவீதம்?

2. வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் ஒரு தடவை எடுக்க எவ்வளவு?

3. ஏற்றிய கரன்சி வேறு, செலவு கரன்சி வேறு என்றால் கட்டணம் எவ்வளவு?

4. ஆண்டுக் கட்டணம் உண்டா? மீதி பணத்தை திரும்ப எடுக்க எவ்வளவு?

5. வெளிநாட்டில் இருந்து கூப்பிடக்கூடிய நம்பர் எது?

ஐந்தாவது கேள்விக்கு கிடைக்கும் பதிலை செல்போனில் மட்டும் அல்ல, ஒரு தாளிலும் எழுதி பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு போவது நல்லது. பர்சோடு சேர்ந்து செல்போனும் தொலைந்தால், அப்போது கைகொடுப்பது அந்த தாள்தான்.