ஒரு டேங்க் டீசல்... தாம்பரம் டு கன்னியாகுமரி போய்ச் சேருமா?

தாம்பரத்தில் டேங்கை நிரப்பினால், வழியில் பங்க் பக்கமே போகாமல் கன்னியாகுமரி சேர முடியுமா? தூரம் ஏறக்குறைய 680 கி.மீ.

2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும், 2017 மாடல் டிசையர் டீசல் இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. அதையே எடுத்துக்கொள்வோம். டேங்க் 37 லிட்டர். ஏ.ஆர்.ஏ.ஐ மைலேஜ் 28.4 கி.மீ. பெருக்கினால் 1,050 கி.மீ! ஆனால், அது ஆய்வகத்தில் ஏ.சி போடாமல், உருளைகள் மேல் ஓட்டி எடுத்த கணக்கு.

பொங்கல் கூட்டத்தில் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என ஊர்ந்து, பிறகு ஹைவேயில் 100-ல் போனால்? லிட்டருக்கு 20 கி.மீ என்று வைத்தால், 740 கி.மீ. போதுமே என்கிறீர்களா? கடைசிச் சொட்டு வரை ஓட்டக் கூடாது. டீசல் தீர்ந்தால் குழாயில் காற்று புகும். அதை வெளியேற்றாமல் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. 5 லிட்டரை ஒதுக்கினால், கணக்கு 640 கி.மீ-தான். திருநெல்வேலியைத் தாண்டலாம், குமரியைத் தொட முடியாது.

உங்கள் காருக்கு எவ்வளவு? டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால், அதுதான் உங்கள் நிஜ மைலேஜ்.

குழந்தைகளோடு இரவில் கிளம்புகிறவர்கள், மதுரையிலேயே டீசல் போட்டுவிடுங்கள்!