முட்டை நுரையில் முந்திரி நிற்பது எப்படி?

தூத்துக்குடிக்குப் போய் வரும் உறவினர் கையில் அநேகமாக ஒரு மக்ரூன் பொட்டலம் இருக்கும். வெள்ளை நிறம், அடி அகன்று நுனி கூம்பிய உருவம். வாயில் போட்டால் மொறுமொறுவென்று உடைந்து, மெல்லுவதற்குள் கரைந்துவிடும். இதில் மைதா இல்லை, நெய் இல்லை, தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றே பொருள்கள்தாம்.

முத்துக்குளித்துறையில் 16-ஆம் நூற்றாண்டில் காலூன்றிய போர்த்துக்கீசியர்கள் வழியாக வந்த பண்டம் இது என்பது ஊர் வழக்கு. ஐரோப்பாவில் இதைப் பாதாம் பருப்பில் செய்வார்கள், இங்கே முந்திரி. அந்த முந்திரி மரமும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்ததே. இன்றும் ஆப்பிரிக்க நாடுகளின் முந்திரிக் கொட்டைகள் ஓட்டோடு வ.உ.சி. துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. மக்ரூனும், நாம் உப்புமாபோல் கிளறித் தின்னும் மக்ரோனியும் ஒரே இத்தாலியச் சொல்லின் வழிவந்த பெயர்கள்!

சென்ற விடுமுறையில் இதை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று நானும் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளும் உட்கார்ந்தோம். வெள்ளைக் கருவைப் பிரிக்கும்போது, "ஒரு சொட்டு மஞ்சள் கரு கலந்தாலும் நுரை எழும்பாது, ஜாக்கிரதை" என்றேன்.

"ஏன் மாமா?"

"மஞ்சள் கருவில் கொழுப்பு இருக்கிறதே!"

அவள் முந்திரிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதிலேயும் நூறு கிராமுக்கு 45 கிராம் கொழுப்பு என்று போட்டிருக்கிறதே, மாமா. இது மட்டும் நுரையைக் கெடுக்காதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மக்ரூன் செய்யும் வேலை அங்கேயே ஒரு சோதனையாக மாறிவிட்டது.

முதலில் நுரை என்பது என்ன என்று பார்ப்போம். வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். புரத மூலக்கூறுகள் நூல் உருண்டைகளைப்போலச் சுருண்டு கிடக்கின்றன. கம்பிக் கருவியால் வேகமாக அடிக்கும்போது காற்று உள்ளே புகுகிறது, உருண்டைகளும் பிரிகின்றன. பிரிந்த மூலக்கூற்றில் சில பகுதிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சில பகுதிகளுக்குப் பிடிக்காது. பிடிக்காத பகுதிகள் காற்றுக் குமிழியின் பக்கம் நீட்டிக்கொள்ள, பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒவ்வொரு குமிழியையும் சுற்றி ஒரு வலை பின்னிவிடுகின்றன. இந்த வலையின் பலத்தால்தான் வெள்ளைக் கரு எட்டு மடங்கு வரைகூடப் பொங்கி நிற்கிறது. கொழுப்பு வந்தால் என்ன ஆகும்? அதுவும் குமிழியின் விளிம்பிலேயே இடம் பிடிக்க முந்தும். ஆனால் கைகோத்து வலை பின்ன அதற்குத் தெரியாது. குமிழி உடைந்துபோகும்.

அப்படியானால் முந்திரி? மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, 50 கிராம் பொடித்த சர்க்கரை, 50 கிராம் முந்திரி. அளவு ஒன்றுதான், செய்முறைதான் வேறு.

முதல் கிண்ணத்தில், ரவைபோல் பொடித்த முந்திரியைத் தொடக்கத்திலேயே வெள்ளைக் கருவுடன் போட்டு அடித்தோம். கைமாற்றி கைமாற்றி அடித்தும் தோசை மாவு அளவுக்குமேல் அது எழும்பவில்லை.

இரண்டாவதில் வெள்ளைக் கருவை மட்டும் அடித்து, நுரை வந்தபின் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும், அதே ரவைப் பொடியைத் தூவி மெதுவாகக் கிளறினோம். நுரை சற்றுத் தணிந்தது. ஆனால் நின்றது!

மூன்றாவதிலும் இதே முறைதான். ஆனால் முந்திரியை மிக்சியில் நெடுநேரம் ஓட்டி, பளபளப்பான விழுதாக்கிப் போட்டோம். சில நிமிடங்களில் நுரை இளகி, ஓரத்தில் பாகு கசிந்தது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அவள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. முந்திரியின் எண்ணெய் பருப்பின் செல்களுக்குள்ளே நுண்துளிகளாகப் பூட்டிக் கிடக்கிறது. ரவையாக உடைத்தால் வெட்டுப்பட்ட செல்களிலிருந்து மட்டுமே கொஞ்சம் வெளியே வரும். விழுதாக அரைத்தால் பெரும்பாலான பூட்டுகள் உடைந்து, எண்ணெய் நேரே குமிழிகளின்மீது பாய்கிறது. முதல் கிண்ணத்திலும் அதே ரவைதானே, அது ஏன் தோற்றது? அங்கே வலை பின்னும் முன்பே கசிந்த எண்ணெய் வந்துவிட்டது. இரண்டாவதிலோ வலை முடிந்து, சர்க்கரையும் கரைந்து, குமிழிகளுக்கு இடையே உள்ள நீர் கெட்டிப் பாகாகியிருந்தது. பாகு எளிதில் வடியாது. 'முந்திரியைக் கடைசியில்தான் போட வேண்டும், கையை மெதுவாக ஓட்ட வேண்டும்' என்ற சமையல் குறிப்பின் காரணம் இப்போது விளங்குகிறது, இல்லையா?

சுடுவதிலும் ஒரு பாடம் கிடைத்தது. அவசரத்தில் அடுப்பை 150 டிகிரி செல்சியஸில் வைத்தேன். மக்ரூன் பழுப்பேறி, மேலே வெடித்து, உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. வெள்ளைக் கருவில் இயற்கையாகவே சிறிது குளுக்கோஸ் உண்டு; அதிகச் சூட்டில் அது புரதத்தோடு வினைபுரிந்து நிறம் தருகிறது. ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும் இந்த வினையால்தான். அடுத்த தட்டை 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்தபிறகும் உள்ளேயே ஆறவிட்டோம். வெள்ளைக் கருவில் மிகுதியாக உள்ள ஓவல்புமின் என்ற புரதம் 80 டிகிரிக்கு மேல் கெட்டிப்பட்டு, குமிழிச் சுவர்களை இறுக்கிவிடுகிறது. நீர் மெல்ல வெளியேறுகிறது. உண்மையில் இது சுடுவதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். இந்தத் தட்டு வெள்ளையாகவே வந்தது. நுனிதான் கடை மக்ரூனைப்போல் கூராக இல்லை. காகிதக் கூம்பைப் பிழியும் கைப்பழக்கம் ஒரு நாளில் வந்துவிடுமா?

தின்றது போக ஆறு மிஞ்சின. மூன்றை மூடி இறுக்கமான டப்பாவிலும் மூன்றைத் திறந்த தட்டிலும் வைத்தோம். மறுநாள் காலையில் தட்டில் இருந்தவை விரலில் ஒட்டின. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆகையால் சுடாத நுரையைச் சுவைக்க வேண்டாம். பாத்திரங்களையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுப்பருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

செய்து பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளைக் கருவைச் செம்புப் பாத்திரத்தில் அடிப்பது பிரெஞ்சுச் சமையற்காரர்களின் பழைய வழக்கம். நுரை எளிதில் உடைவதில்லையாம். வெள்ளைக் கருவின் ஒரு புரதத்தோடு செம்பு சேர்வதே காரணம் என்று ஹெரால்ட் மக்கீயும் இரு விஞ்ஞானிகளும் 1984-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். பின்னர் வெள்ளிப் பாத்திரமும் அதே பலனைத் தருவதைக் கண்டு, மக்கீ தம் விளக்கத்தை மாற்றிக்கொண்டார். புரதங்களின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று அளவுக்குமேல் இறுகிப் பிணைவதை உலோகம் தடுக்கிறது என்பதே அவருடைய புது விளக்கம். புளியால் துலக்கி நன்றாகக் கழுவிய செம்பு ஒன்றையும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வெள்ளைக் கருவை ஒரே நேரம் அடித்து வைத்து, அரை மணி கழித்து அடியில் எவ்வளவு நீர் வடிந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். இது அளப்பதற்கான நுரை, தின்பதற்கல்ல. செம்பில் எலுமிச்சைச் சாறு விடவும் வேண்டாம்.