மெழுகைச் சீவி எடுத்த சினிமா

கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியில் வைத்து மெல்லிசாகச் சீவிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சீவலிலும் வெள்ளையும் பழுப்புமாக ஒரு கோலம். அடுத்தடுத்த இரண்டு சீவல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோலம் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒரு வரி கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஒரு புள்ளி சற்றுப் பெருத்திருக்கும். வரிசை கலையாமல் ஒவ்வொரு சீவலையும் படம்பிடித்து வேகமாக ஓட்டினால், பாக்குக்குள் உறைந்து கிடந்த கோலம் நெளிய ஆரம்பித்துவிடும். 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓர் இளைஞர் மெழுகை வைத்து இதைத்தான் செய்தார்.

அவர் பெயர் ஆஸ்கர் ஃபிஷிங்கர். 1900இல் கெல்ன்ஹவுசன் என்ற ஊரில் பிறந்தவர். முதலில் ஆர்கன் வாத்தியம் செய்யும் பட்டறையில் தொழில் பழகினார். பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் பொறியியல் பக்கம் போனார். அந்த ஊரில்தான், 1921 ஏப்ரலில், வால்டர் ருட்மன் எடுத்த ‘லிஷ்ட்ஷ்பீல் ஓபஸ் 1’ படத்தைப் பார்த்தார். அதில் கதை கிடையாது, மனிதர்கள் கிடையாது. வட்டங்களும் அலைகளும் கூர்முனைகளும் இசைக்கு ஏற்ப எழும்பும், மோதும், கரையும். ருட்மன் ஓவியர். கண்ணாடியில் எண்ணெய் வண்ணத்தைத் தீட்டி, ஒரு ஃபிரேம் எடுத்து, ஓரத்தைத் துடைத்து மாற்றி, அடுத்த ஃபிரேம் எடுத்து என்று நகர்த்தி நகர்த்திச் செய்த வேலை அது. பட்டறையில் வளர்ந்த ஃபிஷிங்கருக்கு வேறு யோசனை வந்தது: இந்த உருமாற்றத்தை எந்திரமே செய்துவிட்டால் என்ன?

எந்திரம் எளிமையானதுதான். இறைச்சிக் கடையில் துண்டு போடும் எந்திரம் மாதிரி ஒரு கத்தி, அதன் எதிரே ஒரு கேமரா. பல நிற மெழுகையும் வெண்களிமண்ணையும் கலந்து வார்த்த கட்டியைக் கத்தியை நோக்கித் தள்ளுவார்கள். கத்தி ஒரு சீவல் எடுத்ததும் கட்டியின் புதிய முகம் தெரியும், கேமராவின் ஷட்டர் திறந்து மூடும், மறுபடி கத்தி. கத்தியும் ஷட்டரும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை, அதனால் ஒரு சீவலுக்கு ஒரு ஃபிரேம் என்ற கணக்கு தப்பாது. சீவியது குப்பைக்குப் போகும். படமாவது கட்டியில் மிஞ்சுகிற முகம்.

உண்மையான வித்தை கட்டியை வார்ப்பதில் இருக்கிறது. வெள்ளை மெழுகுக்குள் கறுப்பு மெழுகில் ஒரு கூம்பைப் புதைத்து, நுனிப்பக்கமிருந்து சீவினால் திரையில் ஒரு புள்ளி தோன்றி வட்டமாக விரியும். குச்சி ஒன்றைச் சாய்வாகப் புதைத்தால் புள்ளி திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து போகும். இரண்டு நிறத் தகடுகளைச் சேர்த்துப் பாய்போலச் சுருட்டி முறுக்கிவிட்டால், சுழி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக, கட்டியின் அகலமும் உயரமும்தான் திரை; அதன் நீளம்தான் நேரம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 18 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,080 சீவல்கள். சீவல் அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடப் படம் 54 சென்டிமீட்டர் நீளமுள்ள மெழுகுக்குள் அடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் சிடி ஸ்கேன் படங்களைக் கணினியில் மேலும் கீழும் உருட்டிக் காட்டுவார்களே, அங்கே எலும்பும் குடலும் விரிந்து சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு ஃபிஷிங்கரின் படம் புதிதாக இருக்காது.

ஒரே சங்கடம், எதையும் அளந்து அளந்து செய்கிற கலைஞருக்கு இது ஒத்துவராது. கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வெட்டிய பிறகுதான் முழுசாகத் தெரியும். பிடிக்கவில்லை என்று திரும்ப எடுக்கவும் முடியாது, கட்டியே தீர்ந்துபோயிருக்கும். படப்பிடிப்பு விளக்கின் சூட்டில் மெழுகு இளகும் தொல்லை வேறு.

ஆனாலும் ருட்மனே இந்த எந்திரத்தைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொண்டார். லோட்டே ரைனிகர் கத்தரித்த நிழலுருவங்களைக் கொண்டு எடுத்து 1926இல் வெளியான ‘இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்’ படத்தில், சில மாயக் காட்சிகளுக்கு அது உதவியது.

அதே ஆண்டுகளில் பெர்லினில் இதற்கு நேரெதிரான ஒருவர் இருந்தார். ஸ்வீடன்காரரான வைக்கிங் எகெலிங். எதையும் தற்செயலுக்கு விடமாட்டார். ஈயத்தாளில் வெட்டிய கோடுகளை இம்மி இம்மியாக வளர்த்தும் தேய்த்தும் ‘மூலைவிட்ட சிம்பனி’யை எடுத்தார். 1925 மே 3 அன்று பெர்லினில் நடந்த ‘அப்சல்யூட் ஃபிலிம்’ காட்சியில் அது திரையிடப்பட்டது. பதினாறே நாளில் எகெலிங் இறந்துபோனார். துல்லியத்தில் அந்தப் படத்துக்கு ஈடில்லை. எனக்கென்னவோ மெழுகுப் படங்கள்தான் பிடிக்கின்றன: எஞ்சியிருக்கும் துணுக்குகளில் வளையங்கள் மரத்தின் ஆண்டு வளையம் போல விரிகின்றன, திடீரென்று ஓரிடத்தில் கிழிந்து வேறொன்றாகிவிடுகின்றன. அதை ஃபிஷிங்கரே எதிர்பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அவர் மெழுகோடு நின்றுவிடவில்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘நிலவில் ஒரு பெண்’ படத்துக்கு வேலை செய்தபோது கணுக்கால் முறிந்து படுத்தார். படுக்கையிலேயே கரித்துண்டால் வரைய ஆரம்பித்தார். 1936இல் ஹாலிவுட் போனார். வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’வில் பாக் இசைக்கான பகுதிக்கு வரைந்து, தன் வடிவங்களை மாற்றிவிட்டார்கள் என்று பாதியில் வெளியேறினார். 1947இல் முடித்த ‘மோஷன் பெயின்டிங் நம்பர் 1’ சுமார் பதினோரு நிமிடம் ஓடும். தூரிகை வேலையை எந்திரத்திடம் தள்ளிவிடப் பார்த்த அதே மனிதர், இந்தப் படத்துக்காக பிளெக்ஸிகிளாஸ் தகட்டின் முன் உட்கார்ந்து, எண்ணெய் வண்ணத்தில் ஒரு தீற்று, ஒரு ஃபிரேம், மறுபடி ஒரு தீற்று என்று மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தார்.