பொழியூரின் பின்களக் காவலர்கள்

பாறசாலையிலிருந்து தென்மேற்கே கடலை நோக்கிப் போனால், கேரளத்தின் கடைசி மீனவ ஊராகப் பொழியூர் இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது. அடுத்த ஊர் நீரோடி, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எல்லை விழுந்தது. கரையில் பந்து விளையாடும் பையன்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாதி தமிழ், பாதி மலையாளம் கலந்துதான் பந்தைக் கேட்டுச் சத்தம் போடுகிறார்கள்.

இவ்வூருக்கு 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்று ஒரு பெயர் உண்டு. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் அந்தக் கால்பந்துப் போட்டிக்கு இங்கிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆட்டக்காரர்கள் போயிருப்பதால் வந்த பெயர். மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை லேசாகத் தெரியும். கரைமடி வலையை இழுத்துப் பழகிய தோளை யாரும் சுலபமாக இடித்துத் தள்ளிவிட முடியாது. பின்களத்தில் நிற்பவனுக்கு வேண்டிய சொத்து இவை இரண்டும்தான்.

ஆனால் பின்கள ஆட்டக்காரனின் பிழைப்பு ஒரு விசித்திரமான பிழைப்பு. கோல் போட்டவன் படம் பத்திரிகையில் வரும். கோல் விழாமல் தடுத்தவனைப் பற்றி, அவன் ஒரு நாள் கோட்டை விட்டால்தான் பேச்சு வரும்.

ஈஸ்டர் நாள் ஆட்டம்

2018 ஏப்ரல் 1. அன்று ஈஸ்டர் ஞாயிறு. கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். எதிரே, சொந்த மண்ணில் வங்காளம். கேரள அணியில் பொழியூர்க்காரர்கள் இருவர்: நடுக்களத்தில் எஸ். சீசன், பின்களத்தில் எஸ். லிஜோ.

19-வது நிமிடத்தில் எம்.எஸ். ஜிதின் கேரளத்துக்கு முதல் கோலைப் போட்டார். பிற்பாதியில் வங்காளம் சமன் செய்தது. கூடுதல் நேரம் முடிய மூன்றே நிமிடம் இருக்கையில் கேரளத்தின் விபின் தாமஸ் கோல் அடித்தார். அவரும் ஒரு பின்கள ஆட்டக்காரர்தான்! வெற்றி வந்துவிட்டது என்று எண்ணிய வேளையில் வங்காளம் பிரீ-கிக்கில் மீண்டும் சமன் செய்தது. பிறகு பெனால்டி. கோல்கீப்பர் மிதுன் முதல் இரண்டு உதைகளையும் தடுத்தார். கேரளத்தின் நான்காவது உதையை எடுத்தவர் பொழியூர் சீசன். பந்து வலைக்குள் போயிற்று, 4-2. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோப்பை கேரளம் வந்தது.

மறு ஆண்டு நிலைமை தலைகீழ். சீசன்தான் கேப்டன். நெய்வேலியில் நடந்த தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் கேரளம் ஒரு கோல்கூடப் போடவில்லை. வாங்கியதும் ஒன்றே ஒன்றுதான், சர்வீசஸ் அணியிடம். பின்களத்தைக் குறை சொல்ல இடமே இல்லை. ஆனாலும் சாம்பியன் வெளியேறியது.

வேலைதான் கோப்பை

இந்தக் கரையில் பையன் பந்தை உதைப்பது கோப்பைக்காக மட்டுமல்ல, ஓர் உத்தியோகத்துக்காகவும்தான். திருவனந்தபுரத்தில் டைட்டானியம், மின்சார வாரியம், போலீஸ், வங்கி என்று இலாகா அணிகள் இருந்ததால் ஆட்டக்காரனுக்குச் சம்பளமும் பென்ஷனும் கிடைத்தன. திருவாங்கூர் ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் 1-ந் தேதி பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. சரியாக ஓராண்டு கழித்துக் கல்கத்தாவில் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ராகுல் வி. ராஜும், மிதுனும் வங்கி ஊழியர்கள். அதே அணியில் 11 பேருக்கு வேலை இல்லை. அவர்களுக்கு அரசு வேலையும், வீரர்களுக்குத் தலா 2 லட்சம் ரூபாயும் தர கேரள அமைச்சரவை முடிவு செய்தது. நாட்டின் சாம்பியன் அணியில் பாதிப்பேர் வேலையில்லாதவர்கள் என்பது பெருமைப்படத்தக்க கணக்கு அல்ல.

மற்றொரு வழி, கிளப் கிளப்பாக ஊர் மாறுவது. எல்லைக்கு அப்பால், சில கிலோமீட்டரில் உள்ள இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் அந்த வழியில் போனவர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கல்கத்தா என்று சட்டை மாற்றினார். இடது விளிம்பில் முன்னேறி ஆடியவரைக் கல்கத்தா அணி பின்னுக்கும் இழுத்துக் காவல் வேலையும் கொடுத்தது. 2020 மார்ச்சில் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அதே ஆண்டு நவம்பரில், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியே போனார். கிளப் ஒப்பந்தத்தில் பென்ஷன் கிடையாது.

பொழியூரில் இப்போதைய கவலை வேறு. கடல் உள்ளே வருகிறது. வீடுகள் போயின, நீரோடிக்குச் செல்லும் கரையோரச் சாலையும் அரிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிய கல் தடுப்புகள்தான் மணலை மறிக்கின்றன என்று பொழியூர் மீனவர்கள் குறை கூறுகிறார்கள். மழைக்காலத்தில் கடல் கொண்டுபோகும் மணல் முன்பெல்லாம் திரும்பி வரும். இப்போது அந்த அளவுக்கு வருவதில்லை என்கிறார்கள். பொழியூரில் மீன்பிடித் துறைமுகம் அமைக்க 2024 கேரள பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினார்கள். படகுக்கு அது இடம் தரும். பையன்கள் பந்து விளையாட மணல் வேண்டும்.