தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவில் எவ்வளவு நரம்பு?

தூண்டில் போடப் போகிறவர்கள் முள், ஈயம், நரம்பு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். மண்புழுவும் தோண்டி எடுத்து வைக்கிறார்கள். தக்கையை மட்டும் ஏதோ ஓர் இடத்தில் கட்டிவிடுகிறார்கள். ஆனால் தக்கையிலிருந்து முள் வரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம். எங்க தாத்தா கொள்ளிடத்தில் திருமானூர் பக்கம் தூண்டில் போடுவார். அவர் ஆழம் பார்க்காமல் இரை கோக்கவே மாட்டார்.

கண்ணால் பார்த்து ஆழம் சொல்ல முடியாது. ஒளிவிலகல் படித்திருக்கிறோம் அல்லவா? தெளிந்த தண்ணீரில் நாலு அடி ஆழம், நேர் மேலேயிருந்து பார்த்தால் மூன்று அடி போலத்தான் தெரியும். (மணல் குழியில் இடுப்பளவுதானே என்று இறங்கிவிடாதீர்கள். அது கழுத்தளவு இருக்கும்.) ஏரித் தண்ணீர் கலங்கல், அதில் தரையே தெரியாது. அதனால் முள்ளுக்குப் பக்கத்தில் ஈயம் கட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். சோளத்தட்டைத் தக்கை படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது, நரம்பு அதிகம் என்று அர்த்தம். தக்கையை முள் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அது எப்போது நிமிர்ந்து நிற்கிறதோ, அப்போது ஈயம் தரையை விட்டுவிட்டது. அதுதான் அந்த இடத்து ஆழம்.

இனி எந்த மீன் என்று பார்க்க வேண்டும். கெளுத்திக்கு மீசை இருக்கும், அது தரையைத் தடவித்தான் தின்னும். அதற்கு முள் சேற்றை ஒட்டி நிற்க வேண்டும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்தண்ணியில் மேயும். ரோகு நடுத்தண்ணி. விரால் அடிக்கடி மேலே வந்து காற்று குடித்துவிட்டுப் போகும். அதற்குத் தக்கையே வேண்டாம், செடி ஓரத்தில் தவளையைக் கோத்துப் போட்டால் போதும் என்பார் தாத்தா.

ஆற்றில் இன்னொன்று இருக்கிறது. ஓட்டம் இழுப்பதால் நரம்பு சாய்ந்து நிற்கும். பிதாகரஸ் தேற்றம் இங்கே வருகிறது! ஆழம் 4 அடி, முள் 3 அடி தள்ளிப் போனால் நரம்பு 5 அடி வேண்டும்.

அதற்காக இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. தக்கைக்குக் கீழே உள்ள நரம்பு கழியைவிட நீளமாக இருந்தால் மீனைக் கரைக்குத் தூக்க முடியாது. கனடாவில் கயாக் என்ற சின்னப் படகில் உட்கார்ந்து சால்மன் பிடிப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். மின்னும் தகடு ஒன்றைக் கட்டி, அதன் பின்னால் நரம்பில் இரை விடுவார்கள். அந்த நரம்பு குட்டையாக இருந்தால் இரை நன்றாகத் துள்ளும். நீளமாக இருந்தால் துள்ளல் குறையும், உட்கார்ந்தபடி மீனை வலைக்குள் வாங்கவும் கை எட்டாது.

நம்ம ஏரிகளில் கருவேல மரம் அதிகம். நரம்பு அதிகமானால் முள் வேரில் மாட்டும், இழுத்தால் அறுந்துவிடும். நைலான் நரம்பு லேசில் மக்காது. தண்ணீரில் நடக்கும் பறவையின் காலில் சுற்றினால் அவ்வளவுதான். நம்ம அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வருகிற பறவைகள் சுற்று வட்டார ஏரிகளிலும்தான் மேய்கின்றன. கருவேலம் உள்ள இடத்தில் எங்க தாத்தா ஆழத்தைவிட ஒரு சாண் குறைத்தே கட்டுவார். கெளுத்தி குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் நரம்பு முழுசாகத் திரும்பி வரும்.