திரையிசைத் தொகுப்புகளின் முழுமையின்மையும் இரசிகர் எதிர்வினையும் – மதுரை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரைப்பாடல்கள் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுவட்டு, டி.வி.டி. எனப் பல வடிவங்களில் தொகுக்கப்பட்டு வெளிவந்துள்ளன. இத்தொகுப்புகளில் எதுவும் முழுமையானதன்று. விடுபட்ட பாடலைச் சுட்டுதல், தேடுதல், தாமே சேர்த்தல் ஆகியவை இரசிகர்களிடம் நிலைத்த பழக்கங்களாக உள்ளன. இவற்றை வெறும் குறைகூறலாகக் கொள்ளாமல் பதிப்புப்பணியோடு ஒப்புடைய செயல்களாகக் காண இடமுண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சங்கத் தொகைமரபு, குறிப்பாகப் பரிபாடல், இதற்கு ஒப்பீட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பாடல், தொகுப்பு, பரிபாடல், இரசிகர், டி.எம்.சௌந்தரராஜன், மதுரை.

முன்னுரை

மதுரை நகரின் திரைப்பட இரசிகர்கள் ஆய்வுலகிற்குப் புதியவர்கள் அல்லர். சாரா டிக்கி மதுரையில் களப்பணி செய்து எழுதி 1993-இல் வெளியிட்ட நூல், நகர்ப்புற ஏழை மக்களின் திரைப்பட ஈடுபாட்டையும் இரசிகர் மன்றங்களின் இயக்கத்தையும் விரிவாக ஆராய்ந்தது. அதன் பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் மன்றம், அரசியல், நடிகர் வழிபாடு ஆகியவற்றையே மையப்படுத்தின. பாடல்களைச் சேகரிக்கும் இரசிகர் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அவர் கொடி கட்டுவதில்லை, சுவரொட்டி ஒட்டுவதில்லை. கடையில் வாங்கிய தொகுப்பைப் பாடல் பாடலாகக் கேட்டு அல்லது பார்த்து, அதில் இல்லாததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். இந்த எளிய செயலின் பொருள் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

தொகைமரபும் முழுமையின்மையும்

தொகுப்பு என்னும் கருத்து தமிழுக்கு மிகப் பழையது. எட்டுத்தொகை நூல்கள் ஒவ்வொன்றும் ஓர் அடிப்படையைக் கொண்டு தொகுக்கப்பட்டவை. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றிற்கு அடியளவு முதன்மையானது. கலித்தொகைக்கும் பரிபாடலுக்கும் யாப்பு. பதிற்றுப்பத்துக்குப் பாட்டுடைத் தலைவராகிய சேர மன்னர்கள். அடிப்படை மாறினால் உள்ளே வருவனவும் வெளியே நிற்பனவும் மாறும். ஆகவே விடுபடுதல் என்பது தொகுத்தல் என்னும் செயலுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

இழப்பினால் நேரும் முழுமையின்மை வேறு வகையானது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. பரிபாடலின் நிலை இதனினும் கடுமையானது. திருமாலுக்கு 8, செவ்வேளுக்கு 31, காடுகிழாளுக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4 என மொத்தம் 70 பாடல்கள் என்று பழைய வெண்பா ஒன்று கணக்கிடுகிறது. உ.வே.சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்த நூலில் முழுமையாக உள்ளவை 22 பாடல்களே. திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வையைக்கு 8 என அவை அமைகின்றன. மதுரையைப் பாடிய நான்கில் ஒன்றுகூட முழுமையாக எஞ்சவில்லை. உரையாசிரியர்களின் மேற்கோள்களாலும் புறத்திரட்டாலும் காக்கப்பட்ட சில பகுதிகள் ‘பரிபாடல் திரட்டு’ என்னும் பெயரில் சேர்க்கப்பட்டுள்ளன.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, 48 பாடல்கள் இல்லை என்பதை இன்று அறிய முடிவது அந்த வெண்பாவால்தான். பட்டியல் எஞ்சியிருப்பதால் இழப்பும் அறியப்படுகிறது. பட்டியலும் மறைந்திருந்தால், இருக்கும் பாடல்களே முழுநூல் எனக் கொள்ளப்பட்டிருக்கக்கூடும். இரண்டாவது, பரிபாடலின் பெரும்பாலான பாடல்களின் இறுதியில் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. பாடலோடு அதை ஆக்கியோர் பெயரையும் காப்பது தொகுப்பின் கடமை என்னும் உணர்வு இதில் வெளிப்படுகிறது. இவ்விரண்டு செய்திகளும் திரையிசைத் தொகுப்புகளை மதிப்பிடவும் அளவுகோலாகின்றன.

ஊடகத்தின் அளவும் பாடலின் சுருக்கமும்

திரைப்பாடல் தொகுப்புகளில் காணும் குறைகளுள் ஒரு பகுதி ஊடகத்தின் கொள்ளளவினால் நேர்ந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களே அடங்கும். நீண்ட பாடல் சுருக்கப்பட்டது. அல்லது இரு பக்கங்களுக்குப் பகிரப்பட்டது. ஆதலால் படத்தில் ஒலிக்கும் சரணம் தட்டில் இல்லாமற் போதல் இயல்பாயிற்று. பின்னாளில் வந்த வி.சி.டி. ஒன்றில் ஏறத்தாழ 80 நிமிடக் காட்சியே அடங்கும். இரு வட்டுகளுக்குள் நீண்ட படத்தை அடக்க வேண்டிய நிலையில், கதையோட்டத்திற்குத் தேவையற்றது எனக் கருதப்பட்ட பாடற்காட்சியே முதலில் கத்தரிக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டளவில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது பழைய படங்கள் எளிய குடும்பங்களின் வீடுகளுக்கும் சென்றன. வீட்டிலேயே திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்ததால், திரையரங்கில் கண்ட நினைவோடு வட்டினை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டறிவதும் எளிதாயிற்று.

ஒலித்தொகுப்பும் காட்சித்தொகுப்பும் ஒன்றையொன்று முழுமையாக நிரப்புவதில்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தின் இசைத்தட்டில் இடம்பெற்ற ‘புத்தம் புதுக் காலை’ படத்தில் இல்லை. அப்பாடலுக்குக் காட்சி இல்லையாதலால் எந்தக் காட்சித்தொகுப்பிலும் அதற்கு இடமில்லை. மக்கள் நினைவில் நிலைத்த அம்மெட்டு 2014-இல் ‘மேகா’ படத்தில் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. இதற்கு நேர்மாறானது பின்னணி இசை. இளையராஜாவின் பின்னணி இசையை இரசிகர்கள் பாடல்களுக்கு இணையாகப் போற்றுகின்றனர். ஆயினும் தமிழ்ப்படங்களின் பின்னணி இசை தனித்தொகுப்பாக வெளிவருவது வழக்கமன்று. அதனால் டி.வி.டி.யிலிருந்து அப்பகுதிகளைத் தாமே பிரித்தெடுத்துச் சேர்க்கும் வழக்கம் உருவாயிற்று.

தொகுப்பின் அடிப்படையும் மறையும் கலைஞரும்

கொள்ளளவு இடந்தரும்போதும் தெரிவினால் குறை நேர்கிறது. மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இதனைத் தெளிவாக்கும். தனிப்பாடல்களுக்குக் காணொளி இயக்கும் இயக்குநர்களின் பெயரால் 2003-இல் பாம் பிக்சர்ஸ் நிறுவனம் டி.வி.டி. வரிசை ஒன்றைத் தொடங்கியது. ஸ்பைக் ஜோன்ஸ், மிஷெல் கோந்திரி, கிறிஸ் கன்னிங்ஹாம் ஆகிய மூவரின் தொகுப்புகள் முதலில் வந்தன; 2005-இல் மேலும் நால்வரின் தொகுப்புகள் சேர்ந்தன. அவை இயக்குநரின் எல்லாப் படைப்புகளையும் கொண்டவை அல்ல. தெரிந்தெடுத்தவற்றை மட்டுமே கொண்ட தொகுப்பைக் கையில் ஏந்திய இரசிகர், அதில் இல்லாதவற்றை எண்ணத் தொடங்குவது இயல்பு. கோந்திரி 2009-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பு, முதல் வட்டிற்கு முன்னும் பின்னுமான காணொளிகளைக் கொண்டது என்று தன் தலைப்பிலேயே அறிவித்தது. முதல் தொகுப்பு முழுமையானதன்று என்பதற்கு அத்தலைப்பே சான்றாகிறது.

தமிழில் பாடற்காட்சியை அமைத்தவரின் பெயரால் தொகுப்பு வெளிவருவது அரிது. காட்சியை உருவாக்கும் இயக்குநரும் நடன ஆசிரியரும் தொகுப்பின் அட்டையில் இடம்பெறுவதில்லை. ‘எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்’ என்பது போல, நடிகரே தொகுப்பின் பெரும்பான்மை அடிப்படை. அடுத்த நிலையில் பாடகரும் இசையமைப்பாளரும் கவிஞரும் வருகின்றனர்.

இவ்வடிப்படையின் விளைவை மதுரையில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜன் (1922–2013) பாடல்களைக் கொண்டு காணலாம். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிகணேசனுக்கும் அவர் பாடியவை அந்நடிகர்களின் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் ‘பட்டினத்தார்’ (1962), ‘அருணகிரிநாதர்’ (1964) ஆகிய படங்களில் சௌந்தரராஜனே தலைமைப் பாத்திரமேற்று நடித்தார். குரலும் முகமும் ஒருவருடையனவாக அமைந்த இப்பாடற்காட்சிகளுக்கு நடிகர்வழித் தொகுப்புகளில் இடமில்லாமற் போகிறது. அவர் தனியே பாடிய முருகன் பாடல்கள் திரைப்படம் சாராதவை. ஆதலால் அவை திரைப்பாடல் தொகுப்பிற்கும் புறம்பாகின்றன. ஒருவருடைய கலைவாழ்வு மூன்று துண்டுகளாகி, ஒவ்வொன்றும் வெவ்வேறு அட்டைக்குள் செல்கிறது. 2023-இல் மதுரை முனிச்சாலைப் பகுதியில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. ஆயினும் அவர் பாடியவை சில ஆயிரம் என்றும் பத்தாயிரத்திற்கு மேல் என்றும் எண்ணிக்கை வேறுபட்டே சொல்லப்படுகிறது. பி.சுசீலா தனியாகவும் இணைந்தும் பாடிய 17,695 பாடல்களை 2016-இல் கின்னஸ் நிறுவனம் ஏற்றுப் பதிவு செய்தது. பாடல் பாடலாகச் சரிபார்க்கத்தக்க பட்டியல் உள்ள இடத்தில் எண் உறுதிபெறுகிறது. இல்லாத இடத்தில் அது புகழ்ச்சியாகவே நின்றுவிடுகிறது.

எதிர்வினையின் வகைகள்

முழுமையுறாத் தொகுப்பிற்கு இரசிகர் ஆற்றும் எதிர்வினைகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது பட்டியலிடல். படம், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எனக் கட்டமிட்டு எழுதிய குறிப்பேடு சேகரிப்பாளரின் முதற்கருவி. கிடைக்காத பாடலுக்கு நேராக விடப்படும் வெற்றிடமே அடுத்த தேடலுக்குத் தூண்டுகோலாகிறது. திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இதற்குப் பெருந்துணை புரிந்தன. தமிழின் முதற்பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படச்சுருள் இன்று கிடைக்காத நிலையிலும், பாட்டுப் புத்தகத்தின் வழியே அதன் பாடல்களை அறிய முடிகிறது.

இரண்டாவது நிரப்பல். கடையில் கிடைக்காத பாடலை வானொலியிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து வைத்தல் பரவலான வழக்கம். பாடல் அறிவிக்கப்பட்ட பின்னரே பொத்தானை அழுத்த முடியும் என்பதால், தொடக்க இசையின் ஒரு பகுதி இழக்கப்பட்டிருக்கும். அல்லது அறிவிப்பாளர் குரல் அதனோடு கலந்திருக்கும். கொடைக்கானல் ஒளிபரப்பின் வழியே வெள்ளிக்கிழமைதோறும் மதுரை வட்டார வீடுகளுக்கு வந்த ‘ஒளியும் ஒலியும்’ பாடற்காட்சிகளும் இவ்வாறே ஒளிநாடாக்களில் பதியப்பட்டன.

மூன்றாவது மறுதொகுப்பு. 1980-களில் பெருகிய ரெக்கார்டிங் சென்டர்களில், தாளில் எழுதிய பாடல் வரிசையைக் கொடுத்து 60 அல்லது 90 நிமிட ஒலிநாடாவில் பதிந்து பெறுதல் நடைமுறையாக இருந்தது. இது பதிப்புரிமைக்குப் புறம்பானது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எந்தப் பாடலில் தொடங்குவது, முதற்பக்கத்தை எதனோடு முடிப்பது, இடம் போதாவிடில் எதை விடுவது என்பவற்றை இரசிகரே முடிவு செய்தார். தொகுப்பில் இல்லாததைக் குறித்து முறையிட்டவர், இப்போது தாமும் ஒன்றை விட நேர்ந்த தொகுப்பாளர் ஆனார். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் முதலிய ஊர்களில் காதணி விழாவிற்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டும் ஒலிபெருக்கி நிலையத்தாருக்குத் தொகுப்பே தொழில் மூலதனம். பக்திப்பாடலில் தொடங்கி நேரத்திற்கும் சடங்கிற்கும் ஏற்பப் பாடல்களை வரிசைப்படுத்தும் அவர்களிடம், கேட்ட பாடல் இல்லை என்பது தொழிற்குறையாகிறது.

நான்காவது திருத்தம். வட்டின் அட்டையில் காணும் பிழைகளைச் சுட்டுதல் இதன்பாற்படும். விசுவநாதனும் இராமமூர்த்தியும் 1965 வரை இணைந்து இசையமைத்த படங்களின் பாடல்களை விசுவநாதன் ஒருவர் பெயரிலேயே குறிப்பது இத்தகைய பிழை. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட எம்.பி.3 வட்டுகளில் கவிஞர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இல்லாமலேயே போவதுண்டு. இசை வகுத்தவர் பெயரைப் பரிபாடல் காத்தது. அதனை அச்சிட இடமிருந்தும் இவ்வட்டுகள் விட்டன. இரசிகரின் சினம் இவ்விடத்தில் நியாயமுடையது.

இந்நான்கும் ஏடு தேடல், பாடம் ஒப்பிடல், விடுபட்ட பகுதியை மேற்கோள்களிலிருந்து மீட்டல், ஆசிரியர் பெயரை உறுதிசெய்தல் என்னும் பதிப்புப் பணிகளோடு இணைத்துக் காணத்தக்கவை. வேறுபாடும் உண்டு. பதிப்பாசிரியர் தாம் செய்த முடிவிற்குச் சான்று காட்டுவார். இரசிகர் பெரும்பாலும் நினைவையே சான்றாகக் கொள்வார். நினைவு பிழைபடும். ஆதலால் அவருடைய குறிப்பேட்டை அப்படியே ஏற்காமல், இசைத்தட்டு முகப்பு, பாட்டுப் புத்தகம், படச்சுருள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

முடிவுரை

திரையிசைத் தொகுப்புகளின் முழுமையின்மை ஊடக அளவினாலும், தொகுப்பு அடிப்படையினாலும், இழப்பினாலும் நேர்வது. முதல் இரண்டையும் திருத்த முடியும். மூன்றாவதைத் திருத்துவது அரிது. எது தெரிவினால் விடப்பட்டது, எது இழக்கப்பட்டது என்பதைப் பிரித்தறியப் பட்டியல் தேவை. அப்பட்டியலைத் தமிழ்ச்சூழலில் பெரிதும் ஆக்கியவர்கள் நிறுவனம் சாராத ஆர்வலர்கள். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் தனிமனிதராகத் திரட்டிய திரைப்படத் தகவல்கள் தமிழ்த் திரை வரலாற்றிற்கு அடிப்படைச் சான்றானமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இசைத்தட்டும் ஒலிநாடாவும் கேட்டு வளர்ந்த தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்களுடைய குறிப்பேடுகள் வீடு மாறும்போதும் சொத்துப் பிரியும்போதும் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகும் நிலையில் உள்ளன. தமிழ்த்துறைகள் சுவடிகளுக்குச் செய்வது போல இக்குறிப்பேடுகளையும் படியெடுத்து, ஒப்பிட்டு, அட்டவணைப்படுத்துதல் வேண்டும். மதுரையைப் பாடிய நான்கு பரிபாடல்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அவை நான்கு என்பதை ஒரு வெண்பா காத்துத் தந்தது. திரைப்பாடல்களுக்கு அத்தகைய கணக்கு இரசிகர்களின் கையெழுத்தில் உள்ளது. அது மறையுமுன் காப்பது ஆய்வாளர் கடன்.