இறைக்கும் கை ஓய்ந்தால்...

அடியில் ஓட்டை விழுந்த படகு ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். நீர் இடைவிடாமல் உள்ளே வருகிறது. ஒருவர் தகரக் குவளையால் அதை இடைவிடாமல் இறைத்துக் கொட்டுகிறார். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை படகு மிதக்கும். கரையில் நிற்பவருக்கு அது அமைதியாகக் கிடக்கும் படகாகவே தோன்றும். இறைப்பவரின் கை ஓய்ந்தால் என்ன ஆகும்? படகு உடனே மூழ்கிவிடாது. சற்று நேரம் இருக்கிறது. அதற்குள் வேறொருவர் குவளையை வாங்கிக்கொண்டால் படகு பிழைத்துவிடும்.

நம் உடலின் செல்கள் இத்தகைய படகுகளே. ஓர் உடலில் சுமார் 30 லட்சம் கோடி படகுகள்! இயற்பியல் கற்பிக்கும் எனக்குச் செல்லைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். செல் வாழ்வதும் சாவதும் பெரும்பாலும் மின்னழுத்தம், நீரழுத்தம், ஆற்றல் ஆகியவற்றின் கணக்குத்தான். ஆகவே எனக்கும் அதில் கொஞ்சம் உரிமை உண்டு.

சவ்வின் இருபுறமும்

செல்லைச் சுற்றிக் கொழுப்புப் பொருளாலான சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. சவ்வுக்கு வெளியே இருப்பது சோடியம் மிகுந்த உப்புநீர். உள்ளேயோ சோடியம் குறைவு. பொட்டாசியம், வெளியே இருப்பதைப்போல் சுமார் 30 மடங்கு. கால்சியம் அயனிகளின் ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிது: உள்ளே ஒன்று என்றால் வெளியே பத்தாயிரம்.

இந்த ஏற்றத்தாழ்வின் பயனாக, ஓய்விலிருக்கும் இருதயத் தசைச் செல்லின் சவ்வுக்குக் குறுக்கே ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிலவுகிறது. டார்ச் விளக்கில் நாம் போடும் 'செல்'லின் 1.5 வோல்ட்டுக்கு முன் இது அற்பம் என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமனால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது! காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் ஏறினாலே பொறி பறந்துவிடும்.

சவ்வு முழுக்கக் காப்பிடப்பட்டதன்று, கசியும். சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றுவதற்கென்றே சவ்வில் ஒரு புரதப் பம்பு பதிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதற்குக் கூலி ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு. டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் இந்தப் பம்பைக் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது 1997இல்தான். நாற்பது ஆண்டுக் காத்திருப்பு!

செல்லின் செலாவணியான இந்த ஏ.டி.பி. நம் உடல் முழுவதிலும் ஒரு நேரத்தில் நூறு கிராம்கூடத் தேறாது. ஆனால் ஒரு நாளில் செலவாகி மீண்டும் உருவாகும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். அதாவது, செல் ஓர் அன்றாடங்காய்ச்சி. அதனிடம் சேமிப்பு என்று சொல்லத்தக்க ஏதும் இல்லை.

வழி அடைபட்டால்

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோனரித் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். இதைத்தான் மாரடைப்பு என்கிறோம். சில நொடிகளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஏ.டி.பி. தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நின்றுவிடுகின்றன. ஒரு நிமிடத்துக்குள் அப்பகுதித் தசை துடிப்பதை நிறுத்திவிடுகிறது. இது இன்னும் சாவு அன்று. வருமானம் நின்ற வீட்டில் முதலில் செலவைக் குறைப்பதைப் போன்றதே. கையிலுள்ள சர்க்கரையை ஆக்சிஜன் இன்றியே சிதைத்துக் கொஞ்சம் ஏ.டி.பி. பெறவும் செல் முயல்கிறது. ஆனால் இதில் கிடைப்பது சொற்பம், அமிலமும் சேர்கிறது.

பம்பு தளர்கிறது. சோடியம் உள்ளே தங்குகிறது. அதைத் தொடர்ந்து நீரும் நுழைகிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதே, அதே விதிதான். செல் வீங்குகிறது, சவ்வில் கொப்புளங்கள் எழும்புகின்றன. இந்த நிலையிலும் இரத்தம் திரும்பினால் செல் பிழைத்துக்கொள்ளும்!

எவ்வளவு நேரம் வரை? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரெய்மர், ஜென்னிங்ஸ் முதலானோர் நாய்களின் இருதயத்தில் இதை அளந்து 1977இல் வெளியிட்டனர். 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது, ஆபத்துக்குள்ளான தசையில் சுமார் 38 சதவீதம் மாண்டிருந்தது. 3 மணி நேரம் என்றால் 57 சதவீதம். 6 மணி நேரம் என்றால் 71 சதவீதம். சாவு ஒரே அடியாக வரவில்லை. இருதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, அலைபோல வெளிப்புறம் நோக்கிப் பரவியது. 20 நிமிடத்துக்குள் திறந்துவிட்டால் ஏறக்குறைய எல்லாச் செல்களும் பிழைக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தது.

நெஞ்சு கனக்கிறது, இடது கை வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. 'வாயுப் பிடிப்பு' என்று ஓமநீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுப்பவர் எத்தனை பேர்! அந்த இரவில் அவருடைய நெஞ்சுக்குள் நடப்பது இந்த அலையின் பயணம்தான். இரவு 11 மணிக்குக் காப்பாற்றக் கூடியதாயிருந்த தசையில் பெரும்பகுதி காலை 6 மணிக்கு இருப்பதில்லை.

எல்லை எங்கே?

பிழைக்கும் செல்லுக்கும் மாளும் செல்லுக்கும் நடுவேயுள்ள கோட்டைக் கிழிப்பது முக்கியமாகக் கால்சியம். பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அந்தத் தடுப்பு உடைந்து கால்சியம் பாய்ந்ததும், செல்லின் சொந்த நொதிகளே அதன் சவ்வை அரிக்கின்றன. சவ்வு கிழிந்தால் உள்ளிருப்பதெல்லாம் இரத்தத்தில் கலக்கிறது. மருத்துவமனையில் 'டிரோபோனின்' சோதனை செய்கிறார்களே, அந்தப் புரதம் இப்படிச் சேதமுற்ற இருதயச் செல்களிலிருந்து கசிந்ததுதான். இத்தகைய சாவுக்கு நெக்ரோசிஸ் என்று பெயர். சிதைவை அகற்ற வெள்ளணுக்கள் கூடுகின்றன. வாரக்கணக்கில் அங்கே தழும்பு உருவாகிறது. தழும்பு துடிக்காது. இழந்ததை ஈடு செய்யும் அளவுக்கு இருதயச் செல்கள் புதிதாகப் பிறப்பதும் இல்லை.

செல்லுக்கு வேறொரு சாவும் உண்டு. 1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் அதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தவளைக் குஞ்சின் வால் மறைவதும், கருவில் நம் விரல்களுக்கு இடையிலுள்ள தசை நீங்குவதும் இவ்வாறே. செல் சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவின்றி மறைகிறது. இதற்கும் ஏ.டி.பி. வேண்டும் என்பதுதான் வேடிக்கை! ஆற்றல் முழுவதும் தீர்ந்த செல்லால் இப்படி ஒழுங்காகச் சாகவும் முடியாது.

நேரத்தை நீட்டிக்க முடியுமா? அதே டியூக் குழுவினர் 1986இல் ஒரு விந்தையைக் கண்டனர். தமனியை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறப்பதை நான்கு முறை செய்துவிட்டுப் பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். மாண்ட தசை, வழக்கமான அளவில் கால் பங்கு மட்டுமே! சிறு அடிகளால் செல் எச்சரிக்கையடைந்துவிடுகிறது. ஆனால் மாரடைப்பு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை; இதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தச் செய்த முயற்சிகளும் இதுவரை பெரிதாகப் பலிக்கவில்லை.

பலித்திருப்பது குளிர். வெப்பநிலை குறைந்தால் செல்லின் செலவும் குறைகிறது. அதனால்தான் மாற்று அறுவைக்கு எடுத்த உறுப்பைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டு ஓடுகிறார்கள். அப்படி வைத்த சிறுநீரகம் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். இருதயத்துக்குக் கிடைப்பது சுமார் 4 மணி நேரம்.